எண்பத்தஞ்சு எம்.எம்.

இருபத்துநாலு எம்.எம். லென்ஸையே மாட்டிடலாம். மாட்டி, இடது பக்கம் கோடம்பாக்கத்துல ஆரம்பிச்சு வலது பக்கம் பரங்கிமலை வரைக்கும் அஞ்சோ ஆறோ படம், ஒரே சுத்து, முடிஞ்சுது வேலை, இருட்டறதுக்குள்ள மூட்டையைக் கட்டிட்டு இறங்கிடலாம். யாரு கேக்கப் போறா? ரவிகாந்த் கேப்பான். இந்த பில்டிங்கைக் கட்டின கம்பெனியோட மேனேஜரு, காலையிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணிட்டான். "குணா சார், ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்துக் குடுத்தீங்களே, அதே எடம், அதே நேரம், அதே லென்ஸ். அது லாபில இருபது அடிக்கு நிக்குது. இதை அதுக்கு நேர் கீழ மாட்டப் போறோம். ஊரு எப்படி வளந்திருக்குன்னு ஜனங்க பாக்கணும். ஒண்ணுக்கொண்ணு அப்படியே பொருந்தணும் சார்." பொருந்தணுமாம். உனக்கென்னப்பா, குளுகுளு ரூம்ல உக்காந்துக்கிட்டு சொல்லிட்ட. பதினேழாவது மாடியில, மொட்டை மாடியில, தை மாசக் காத்துல நிக்கறவன் நான். சாவி கொண்டாந்து கதவைத் திறந்து விட்ட செக்யூரிட்டி தணிகாசலம் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாரு. "போன தபாவும் நீதான சார் வந்த? ஓரத்துக்குப் போவாத, காத்து தள்ளிடும். முடிச்சிட்டு ஒரு போன் போடு, வந்து பூட்டிக்கறேன்"னுட்டு லிஃப்ட்ல இறங்கிட்டாரு. மணி அஞ்சு அம்பது. ட்ரைபாட் காலை அதே எடத்துல வெச்சிருக்கேன். ஏசி மெஷினுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவுல, போன தடவை நான் பெயின்ட்ல போட்ட மூணு புள்ளி இன்னும் அழியாம இருக்கு. மழை ரெண்டு வருஷம் அடிச்சும் போகலை, சனியன். மூணு காலும் மூணு புள்ளியில உக்காந்துடுச்சு. லென்ஸ்தான் பாக்கி. பையில மூணு இருக்கு. கேமரா உடம்பு மேல இப்போதைக்கு மூடி மட்டும்தான் இருக்கு.

லென்ஸ் நம்பர்னா என்னன்னு சுகந்தி ஒரு தடவை கேட்டா. என் சம்சாரம். கல்யாணமான புதுசு, அப்போ சொன்னதைத்தான் இன்னிக்கும் எல்லாருக்கும் சொல்றேன். நம்பர் கம்மின்னா ஊரு முழுக்க உள்ள வரும், ஆளு எறும்பாயிடுவான். நம்பர் ஏற ஏற ஆளு கிட்ட வருவான், ஊரு வெளிய போயிடும். "அப்போ நடுவுல ஒண்ணு போடுங்களேன்"னா. அவளுக்கு எல்லாத்துக்கும் நடுவுல ஒண்ணு வேணும். நடுவுல இருக்கறது அம்பது, நம்ம கண்ணு பாக்கற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. ஆனா ஊரை அகலமா எடுக்கறப்போ எனக்கு எண்பத்தஞ்சுதான். கேமராவை நெட்டுக்குத்தா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, ஒரு படத்துல மூணுல ஒரு பங்கு அடுத்த படத்துலயும் விழற மாதிரி பதினேழு படம். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒரே படமா தைக்கணும். வேலை ஜாஸ்திதான். ஆனா பரங்கிமலை மலையா இருக்கும், இருபத்துநாலுல எடுத்தா கரையான் புத்து மாதிரி ஓரமா கெடக்கும். இருபது அடிக்குப் பெருசாக்கினாலும் ஜன்னல் கம்பி எண்ணலாம், கொடியில காயற துணி என்ன கலர்னு சொல்லலாம். அன்னிக்கு எண்பத்தஞ்சுதான் போட்டேன். அதை ரவிகாந்த் பெருமையா வெச்சுக்கிட்டிருக்கான். ஆனா என் வீட்டுல, என் மச்சான்கிட்ட, என் பொண்ணு ஷாமிலிகிட்ட நான் சொன்னது இருபத்துநாலு. அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவுல, உள்ள சுகந்தி மேல துணி போத்தினதுக்கு அப்புறம், மச்சான் என் தோளைப் புடிச்சுக்கிட்டு கேட்டாரு, "நீங்க அந்த பில்டிங் மேலதானே இருந்தீங்க மாப்ள, அங்கேர்ந்து வீடு தெரியாதா?" சாதாரணமாத்தான் கேட்டாரு. அழுதுக்கிட்டே கேட்டாரு. என் வாயி நான் சொல்லாமலே சொல்லிடுச்சு. "இருபத்துநாலு போட்டிருந்தேன் மச்சான். வீடெல்லாம் அதுல எறும்பு மாதிரிதான்." அதோட அவரு விட்டுட்டாரு. லென்ஸைப் பத்திக் கேட்டாங்களே தவிர, உன் மூஞ்சியில ரெண்டு கண்ணு இருந்துச்சே அது என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை. பக்கத்துல ஷாமிலி பெஞ்சுல உக்காந்திருந்தா. காலேஜ் பையைக்கூட தோள்லேர்ந்து கழட்டலை.

அன்னிக்குக் காலையில பஜ்ஜி. மிளகாய் பஜ்ஜி, நான்தான் கேட்டேன். சாப்பிட்டுட்டு அவ நெஞ்சைத் தடவிக்கிட்டா. "ஏங்க, கரிக்குது." "ரெண்டு பஜ்ஜி தின்னா ஒனக்குக் கரிக்காம என்ன பண்ணும், அந்த ரோஸ் மருந்தைக் குடி"ன்னேன். குடிச்சா. மூடியைத் திருகிக்கிட்டே கேட்டா, "இன்னிக்கு எடுக்கப் போற எடத்துலேர்ந்து நம்ம வீடு தெரியுமா?" தெரியும்னேன். அசோக் நகர்லேர்ந்து மேற்கு மாம்பலம் அறுநூறு மீட்டர்தான், பதினேழு மாடி மேல நின்னா நம்ம தண்ணித் தொட்டி நல்லாவே தெரியும்னேன். அவளுக்கு சந்தோஷம் தாங்கலை. "இருபத்தஞ்சு வருஷமா ஊரையெல்லாம் எடுக்கறீங்க, என்னை எடுங்கன்னா, நிக்க மாட்டேங்கற, ஆடறங்கறீங்க. இன்னிக்கு ஊரோட சேத்து என்னையும் எடுங்க. துணி எடுக்க மாடிக்குப் போவேன்ல, ஆறேகாலுக்கு செவப்பு காசித்துண்டை ஆட்டறேன். யாருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அவ்ளோ பெரிய படத்துல நான் ஒரு ஓரமா நிப்பேன்." பைத்தியம்டி நீன்னேன். "ஆடினா விழாது, துண்டை ஆட்டிட்டு அப்படியே சிலையா நில்லு"ன்னு சொல்லிக் குடுத்தேன். சமையக்கட்டுலயே நின்னு காட்டினா, கரண்டியைத் தூக்கிக்கிட்டு. ஆறேகாலு. ஆறேகாலுன்னுதான் சொன்னா. அதை நான் எத்தனை தடவை மனசுக்குள்ள ஓட்டியிருப்பேன். ஆறேகாலுன்னா ஆறு பதினஞ்சு. அவ கடிகாரம் ரெண்டு நிமிஷம் முந்தி ஓடும், அப்போ ஆறு பதிமூணும் ஆறேகாலுதான். ஆறு பதினாலும் ஆறேகாலுதான். இப்படியே கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தா எல்லா நேரமும் ஆறேகாலுதான். இப்போ மணி அஞ்சு அம்பத்தெட்டு. வெயில் என் முதுகுப் பக்கம் இறங்குது, மாம்பலம் பக்கத்து சுவரெல்லாம் மஞ்சளா நிக்குது. நான் அந்தப் பக்கம் பாக்கலை. கோடம்பாக்கம் பாலத்தைப் பாக்கறேன், கெழக்கால ரயில் போறதைப் பாக்கறேன், அந்த ஒரு தொட்டியை மட்டும் தாண்டிப் பாக்கறேன்.

போன்தான் தப்பு. இல்ல, போன் என்ன பண்ணும், நான்தான் தப்பு. அப்பல்லாம் போனையே ரிமோட்டா வெச்சுக்குவேன். கேமராவைக் கையால தொட்டா ஆடும், அதனால போன்லேர்ந்து அமுக்கறது. நடுவுல கால் வந்தா இணைப்பு அறுந்துடும், அதனால ஃப்ளைட் மோடு. எங்க தொழில்ல பாதிப் பேரு அப்படித்தான் பண்ணிக்கிட்டிருந்தோம். ஆறு மணிக்குப் போட்டேன். வெளிச்சம் போறதுக்கும் தெரு லைட் எரியறதுக்கும் நடுவுல கால் மணி நேரம்தான் கெடைக்கும், அந்த கால் மணி நேரத்துக்குத்தான் இவ்ளோ கூத்து. ஆறு பன்னண்டுக்கு முதல் படம். ஒண்ணு, ரெண்டு, மூணு, திருப்பி அமுக்கி, காத்து நிக்கற வரைக்கும் காத்திருந்து, அடுத்தது. எட்டாவது படத்துக்குத் திருப்பறப்போ மாம்பலம் உள்ள வந்துச்சு. தொட்டி தெரிஞ்சுது. தொட்டிக்குப் பக்கத்துல செவப்பா ஒண்ணு ஆடுச்சு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சொன்ன மாதிரியே வந்துட்டா பாருன்னு நெனச்சேன். எட்டாவது படத்துல கை மேல இருக்கு, துண்டு மேல இருக்கு. சிலையா நில்லுன்னு சொன்னேனே, ஆட்டறா பாருன்னு கோவம்கூட வந்துச்சு. ஒன்பதாவது படத்துல துண்டு கீழ வந்துடுச்சு, அவ கைப்பிடிச் சுவர்ல சாஞ்சிருக்கா, உடம்பு முன்னால வளைஞ்சிருக்கு. குனிஞ்சு நமக்கு வணக்கம் வெக்கறா, நாடகக்காரின்னு நெனச்சேன். நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். சாமி, நான் கையை ஆட்டினேன். பத்தாவதுக்குத் திருப்பறப்போ பாத்தா மாடியில யாரும் இல்ல. துணி எடுத்துட்டு இறங்கிட்டான்னு நெனச்சு பதினொண்ணாவதுக்குத் திருப்பிட்டேன். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்ல. பதினேழு படம் முடிச்சு, கீழ இறங்கி, ரவிகாந்தோட உக்காந்து டீ குடிச்சு, பிஸ்கட்டை நனைச்சுத் தின்னு, ஃப்ளைட் மோடை எடுக்க மறந்து, ஏழே முக்காலுக்குத்தான் எடுத்தேன். எடுத்ததும் மெசேஜா கொட்டுது. சுகந்தி கூப்பிட்டிருக்கா. ஆறு பதினொண்ணு, ஆறு பன்னண்டு, மறுபடி ஆறு பன்னண்டு. அதுக்கப்புறம் ஷாமிலி, ஷாமிலி, ஷாமிலி. எட்டாவது படத்துல நேரம் ஆறு பதினாலு. கூப்பிட்டுப் பாத்து, லைன் கெடைக்கலைன்னதும்தான் துண்டை ஆட்டியிருக்கா. இல்ல, வெளையாட்டாத்தான் ஆட்டியிருப்பா, கூப்பிட்டதுகூட வெளையாட்டுக்கு, நிக்கறேன் பாருங்கன்னு சொல்லத்தான். ஒரு பொம்பளை வெளையாட்டுக்கு மூணு தடவை கூப்பிடுவாளா? கூப்பிடுவா. சுகந்தி கூப்பிடுவா. அந்த ஒன்பதாவது படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கி பாத்தேன், மொகம் ஏழு பிக்ஸல் புள்ளிதான். மேல கீழ ஏழு புள்ளி. சிரிக்கறாளா, வலியில பல்லைக் கடிக்கறாளா, ஏழு புள்ளியில என்னத்தைக் கண்டுபிடிக்கறது? இருநூறு எம்.எம். லென்ஸ் பையிலதான் இருந்துச்சு. அது போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அது போட்டா ஊரு வராது, எவன் போடுவான்?

தைக்கறப்போ இன்னொண்ணு ஆச்சு. பக்கத்துப் பக்கத்துப் படத்துல ஒரே எடம் விழுதில்ல, அதுல அசையற ஆளு, வண்டி எதுவா இருந்தாலும் சாஃப்ட்வேர் பாத்து எடுத்துடும், எது நிலையா இருக்கோ அதை மட்டும் வெச்சுக்கும். காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள், தூக்கம் வராம உக்காந்து தெச்சேன். முடிஞ்சதும் மாம்பலத்துக்குப் போய் பாத்தேன். தொட்டி இருக்கு. கொடியில துணி இருக்கு, என் ப்ளூ சட்டை, ஷாமிலியோட சுடிதார், எல்லாம் இருக்கு. அவ இல்ல. சுத்தமா இல்ல. திரும்பக் கொண்டாரலாம், அதுக்கு ஒரு பட்டன்தான். நான் அமுக்கலை. அப்படியே அனுப்பிட்டேன். அதுதான் லாபில இருபது அடிக்கு நிக்குது. எட்டும் ஒன்பதும் ஒரு டிஸ்க்ல, டிஸ்க் ஒரு சாக்ஸுக்குள்ள, சாக்ஸ் பீரோவுக்குள்ள. யாருக்குப் பயந்து ஒளிச்சு வெச்சிருக்கேன், செத்தவளுக்கா? ஷாமிலிக்குத்தான். அன்னிக்கு அவ காலேஜ் விட்டு அஞ்சரைக்கே வந்திருக்கணும். பாண்டி பஜார்ல ஃப்ரெண்டு கூட பானிபூரி சாப்பிட்டுட்டு, வளையல் பாத்துட்டு, ஏழரைக்குத்தான் வந்தா. வந்தவதான் மாடிக்குப் போய் பாத்தா. டாக்டர் ஹார்ட் அட்டாக்னுட்டு ஒரு வார்த்தை சொன்னாரு, "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்." அந்த ஒரு மணி நேரத்தை என் பொண்ணு எடுத்து மடியில கட்டிக்கிட்டா. ரெண்டு வருஷமா பானிபூரி வண்டியைக் கண்டா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறா. மாடிப்படி ஏறறதே இல்ல, துணியெல்லாம் பால்கனியிலதான். திதி அன்னிக்கு எலை முன்னாடி உக்காந்து, "நான் நேரா வீட்டுக்கு வந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கப்பா"ன்னு விசும்பறா. நான் தலையைத் தடவி, "ஒன் தப்பு இல்லம்மா, விடும்மா"ங்கறேன். யாரு தப்புன்னு சொல்லலை. அந்தப் புள்ளை என் பாரத்தைத் தூக்கிக்கிட்டு நடக்குது, நான் பின்னாலயே கைய வீசிக்கிட்டு நடக்கறேன். த்தூ. சொல்லிடலாம்னு நூறு தடவை வாயைத் திறந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் அவ மூஞ்சி என்ன ஆகும்னு நெனச்சுப் பாப்பேன். எனக்கு மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான். அவளும் என்னை அப்படிப் பாத்துட்டா நான் எங்க போவேன்? காப்பி போட்டுத் தரவாம்மான்னு கேட்டு முடிச்சுடுவேன்.

மணி ஆறு அஞ்சு. முடிவு பண்ணிட்டேன், இருபத்துநாலுதான். ரவிகாந்துக்கு எதாவது கதை சொல்லிக்கலாம், எண்பத்தஞ்சு ரிப்பேர், பூஞ்சை புடிச்சுடுச்சுன்னு. மாட்டிட்டேன். திரையில பாத்தா ஊரு மொத்தமும் வழவழன்னு ஒரே பரப்பா கெடக்கு, வானம் பாதி, தரை பாதி, மாம்பலம் நடுவுல ஒரு விரக்கடை. நல்லா இருக்கு. யாரும் யாருக்கும் கை ஆட்டறது தெரியாது. ரிமோட் இப்போ வயர் வெச்சது. போனை ஃப்ளைட் மோடுல போடறதை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, கோயில்லகூட போடறதில்ல. அதனாலதான் அது அடிச்சுது. ஷாமிலி. "அப்பா, எங்க இருக்க?" "அசோக் நகர்லம்மா, சொன்னேனே, வேலையில." "அந்த பில்டிங் மேலயா?" "ம்." பின்னால தண்ணி கொட்டற சத்தம். "நான் மாடியில நிக்கறேன்ப்பா." "நீ எதுக்கும்மா மாடிக்குப் போன?" "தொட்டி வழியுது, கீழ் வீட்டு ஆன்ட்டி ஒரே கத்து. வால்வை மூடலாம்னு வந்தேன். இறுகிப் போயிருக்கு." "இருக்கட்டும், விட்டுட்டு இறங்கு. நான் வந்து பாத்துக்கறேன்." "அப்பா, இங்கேர்ந்து ஒன் பில்டிங் தெரியுதுப்பா." நான் கோடம்பாக்கம் பக்கம் திரும்பிக்கிட்டேன். "நல்லாவே தெரியுது. மேல ஓரத்துல ஒரு ஆளு நிக்கற மாதிரிகூட இருக்கு. நீதானா அது? இங்கேர்ந்து அது தெரியறப்போ அங்கேர்ந்து இது எப்படிப்பா தெரியாம போகும்?" "லென்ஸும்மா, இருபத்துநாலும்மா..." "லென்ஸை விடுப்பா. நான் கையைத் தூக்கறேன். தெரியுதான்னு பாத்து சொல்லு."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டேன். திரையில மாம்பலம் ஒரு விரக்கடைதான் இருந்துச்சு, தெரியலைன்னு சொன்னா பொய்யில்ல, கடவுள் சத்தியமா அந்தத் திரையில தெரியலை. கை தானா போய் இருபத்துநாலைக் கழட்டுச்சு. மூடி கீழ விழுந்து காத்துல உருண்டுச்சு, போனாப் போகுது. பையிலேர்ந்து எண்பத்தஞ்சை எடுத்து மாட்டினேன், மாட்டிப் பூட்டிக்கற அந்த டக்குன்னு சத்தம். கேமராவைத் திருப்பினேன். கோடம்பாக்கம் போச்சு, ரயில் போச்சு, ஒன்பதாவது எடத்துல நிறுத்தினேன். தொட்டி. தொட்டி ஓரமா தண்ணி வழிஞ்சு மின்னுது. பக்கத்துல பச்சை சுடிதார், வலது கை மேல. ஆடாம நிக்கறா. அம்மாவுக்கு சொல்லிக் குடுத்த மாதிரி சிலையா நிக்கறா, அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. "தெரியுதாப்பா?" என் தொண்டையில இருபத்துநாலு இன்னும் உக்காந்துக்கிட்டுதான் இருந்துச்சு. "தெரியுது ஷாமி"ன்னேன். "எண்பத்தஞ்சுல பாக்கறேன். அன்னிக்கும் இதைத்தான் போட்டிருந்தேன், இருபத்துநாலு இல்ல. அன்னிக்கும் தெரிஞ்சுது. அம்மா துண்டை ஆட்டினா. காலையில வெளையாட்டா பேசி வெச்சிருந்தோம், அதுதான்னு நெனச்சு நானும் கையை ஆட்டிட்டு அடுத்த படத்துக்குத் திருப்பிட்டேன். ஆறு பதினாலுக்கு. நீ பானிபூரி சாப்பிட்டதால இல்லம்மா. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." போன்ல தொட்டி வழியற சத்தம் மட்டும் கேக்குது. திரையில தூக்கின கை அப்படியே நிக்குது, ரொம்ப நேரம் நிக்குது, அப்புறம் மெதுவா இறங்குது. மொகம் தெரியலை.